எல்லாமே நேற்று

புதன்கிழமை காலை ஒன்பதே கால் இருக்கும். பி.என். ரோட்டில் ஒரு பேக்கரி வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து போன். "தம்பி, என்ர போன்ல எல்லா மெயிலும் நேத்து வந்ததாட்டக் காட்டுதுங்க" என்றார். நெட்வொர்க் ஏதாவது இருக்கும், ஒருதடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க அக்கா என்று தொழில் வழக்கப்படி ஆரம்பித்தேன். அவர் விடவில்லை. "2011 மெயில் யெஸ்டர்டேன்னு இருக்குது. 2006 மெயிலும் யெஸ்டர்டே. அந்த ஜெர்மன்காரர் ரிட்டயர் ஆயி எத்தனை வருசமாச்சு, அவரும் நேத்துத்தான் எழுதியிருக்காருங்க." டீயைப் பாதியில் வைத்தேன். என்ன ஆகியிருக்கிறது என்று உடனே புரிந்துவிட்டது. மெயில்களைப் புது சர்வருக்கு மாற்ற நான் எழுதிய ஸ்கிரிப்டில் எந்த வரி என்பதுகூடப் புரிந்துவிட்டது.

இது நடந்தது 2021 செப்டம்பரில். சரிசெய்தும் முடித்தாயிற்று, கம்பெனியில் யாருக்கும் இப்போது நினைவுகூட இருக்காது. ஆனால் அன்று காலை நான் அக்காவுக்கு ஒரு பதில் சொன்னேன். தொழில்நுட்பப்படி அதில் ஒரு பிழையும் கிடையாது. அந்தப் பதில்தான் இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது.

நான் திருப்பூரில் கம்ப்யூட்டர் பார்க்கிறவன். பதினைந்து இருபது பனியன் கம்பெனிகளுக்குப் பிரிண்டர் மை தீர்ந்தது முதல் கேமரா ஓடாதது வரை எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அக்கா அதில் ஒரு கம்பெனியின் மூத்த மெர்ச்சண்டைசர். 2004இல் சேர்ந்தவர். மெர்ச்சண்டைசர் வேலை என்றால் பாதி ஃபேக்டரியில், பாதி மெயிலில். லேப் டிப், அதாவது சாயத்துக்கு மாதிரியாக அனுப்பும் துண்டுத் துணி, ஓகே என்று பையர் எழுதும் ஒற்றை வரி மெயிலை நம்பித்தான் சாயப்பட்டறையில் ஆயிரக்கணக்கான கிலோ துணி தொட்டிக்குள் இறங்கும். பின்னாடி ஷேடு சரியில்லை, டெபிட் நோட் போட்டுக் காசைப் பிடிக்கிறேன் என்று அவர்கள் கிளம்பினால், அந்த ஒற்றை வரியை எடுத்துக் காட்டத் தெரிந்தவர்தான் நல்ல மெர்ச்சண்டைசர். அக்கா எடுத்துக் காட்டுவார். தேடும் பெட்டியில் ஒரு எழுத்தும் அடிக்க மாட்டார். மவுஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டே போவார், ஓரிடத்தில் நிறுத்துவார், அங்கே அது இருக்கும். இதைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன்.

மெயில் பார்க்க முதலில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ். வெளியே காசு கொடுத்து வாங்கியிருந்த மெயில் பெட்டியில் அப்போது ஆளுக்கு 50 எம்பிதான் இடம். அதனால் பாப் என்ற முறையில் கீழே இறக்கிக்கொண்டு சர்வரில் அழித்துவிடுவது. இறக்கியதெல்லாம் சி டிரைவுக்குள் ஒளித்துவைத்த ஏதோ ஒரு ஃபோல்டரில், இன்பாக்ஸ்.டிபிஎக்ஸ் என்று மொத்தமாக ஒரே கோப்பில் போய் உட்காரும். அது 2 ஜிபியைத் தொட்டால் கதை முடிந்தது. ஸ்டைலுக்கு ஒன்று, பையருக்கு ஒன்று என்று அக்கா ஃபோல்டர் பிரித்து வைத்திருந்ததால் தப்பித்தோம். 2011இல் அந்த மெஷின் படுத்தபோது தண்டர்பேர்ட் என்ற இன்னொரு மெயில் சாஃப்ட்வேருக்கு மாற்றிக்கொடுத்தவன் நான்தான். அதிலிருந்து அப்படியே பத்து வருஷம் ஓடியது. புது சிஸ்டம் வரும்போதெல்லாம் ப்ரொஃபைல் ஃபோல்டரைத் தூக்கி அதில் வைப்பேன், அவ்வளவுதான். 2021இல் எண்ணிப் பார்த்தபோது 63,000 மெயில், 11 ஜிபி. பாதிக்கு மேல் ஸ்பெக் ஷீட்டும் சாம்பிள் போட்டோவும்தான். மெயிலில் அட்டாச்மெண்ட் போகும்போது மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்கி அனுப்புகிறார்கள், அதனால் எந்தப் படமும் தன் நிஜ எடையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத்தான் கிடக்கும்.

2020 மார்ச் 24 ராத்திரி நாடு மூடியதும் எல்லாம் மாறியது. ஆர்டர் ரத்து என்று பையர்கள் வரிசையாக எழுத ஆரம்பித்தார்கள். வெட்டிய துணி, தைத்த துணி, கார்ட்டன் போட்ட துணி என்று எது எந்த நிலையில் நிற்கிறது, யார் எதற்கு ஓகே சொன்னார்கள் என்ற அத்தனையும் பூட்டிய ஆபீஸில் அக்காவின் மேசைக்கடியில் இருந்த ஒரு டப்பாவுக்குள். அக்கா வீட்டில். சாவி முதலாளியிடம். முதலாளி கோயம்புத்தூரில். நினைவிலிருந்தே பதில் எழுதினார் அக்கா, பெரும்பாலும் சரியாகவே எழுதினார். ஆனாலும் எல்லாரும் பயந்துபோனார்கள். அடுத்த வருஷம் கையில் கொஞ்சம் காசு புரண்டதும் முதலாளியின் மகன் என்னைக் கூப்பிட்டு, ஆளுக்கு 30 ஜிபி இடத்தோடு புது மெயில் சர்வர் வாங்கியாச்சு, எல்லாத்தையும் மேலே ஏற்றிவிடுங்கள் என்றார்.

"மேலன்னா எங்கீங்க தம்பி?" என்று அக்கா கேட்டார்.

"சர்வர்லங்க அக்கா."

"அது எங்கீங்க இருக்குது?"

மும்பையா சிங்கப்பூரா என்று எனக்கே தெரியாது. "மேலதானுங்க" என்று சிரித்து மழுப்பினேன்.

இழுத்துப் போட்டால் போகாதா

யாரைக் கேட்டாலும் சொல்வது இதைத்தான். தண்டர்பேர்டில் ஐமேப் கணக்கை, அதாவது மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் கணக்கை, சேர், இடதுபக்கம் இருக்கும் பழைய ஃபோல்டரை மவுஸில் பிடித்துப் புதுக் கணக்குக்குள் இழுத்துப் போடு, வேலை முடிந்தது. இருநூறு மெயில் என்றால் நானும் அதைத்தான் செய்வேன். ஒன்பதாயிரம் மெயில் இருக்கிற ஃபோல்டரை இழுத்துப் பாருங்கள். கீழே ஒரு பச்சைக் கோடு ஓடும். நான்காயிரத்து சொச்சத்தில் நிற்கும். லைன் அறுந்ததா, சர்வர் முறைக்கிறதா, உள்ளே போனது எத்தனை, போகாதது எத்தனை, ஒன்றும் தெரியாது. மறுபடி இழுத்தால் முதலில் போனவை இரட்டையாகும். இழுக்கும்போது நகல் எடுக்காமல் இடம் மாற்றுகிற மாதிரி கை தவறிவிட்டால் அதற்கு மேல் பேசவே வேண்டாம். இப்படி இன்னொரு கம்பெனியில் ஒரு முழு ராத்திரி பட்டிருக்கிறேன்.

அதனால் இந்தத் தடவை பைத்தானில் நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். சின்னதுதான், நூற்று இருபது வரி. தண்டர்பேர்ட் ஒவ்வொரு ஃபோல்டரையும் எம்பாக்ஸ் என்ற ஒரே நீளக் கோப்பாக வைத்திருக்கும். நோட்பேடிலேயே திறந்து பார்க்கலாம், ஒன்றன்கீழ் ஒன்றாக எல்லா மெயிலும் அப்படியே எழுத்தாகக் கிடக்கும். என் ஸ்கிரிப்ட் அதை ஒவ்வொன்றாக எடுத்து, மெசேஜ் ஐடி என்ற அதன் தனி அடையாளத்தை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு, சர்வருக்கு அனுப்பும். லைன் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். எழுதி முடித்தபோது எனக்கு என்மேலேயே ஒரு மரியாதை வந்தது உண்மை.

எண்ணிக்கையில்தான் முதல் சிக்கல். ஒரு ஃபோல்டரில் 9,412 மெயில் என்று தண்டர்பேர்ட் காட்டியது. என் ஸ்கிரிப்ட் அதே கோப்பில் 11,000க்கு மேல் எண்ணியது. கொஞ்சம் மண்டையைச் சொறிந்த பிறகு பிடிபட்டது. நாம் அழிக்கும் மெயிலை தண்டர்பேர்ட் உடனே கோப்பிலிருந்து எடுப்பதில்லை. ஒவ்வொரு மெயிலின் தலையிலும் நான்கு இலக்கத்தில் ஒரு குறி வைத்திருக்கும்: படித்திருந்தால் 1, பதில் போட்டிருந்தால் 2, நட்சத்திரம் போட்டிருந்தால் 4, அழித்திருந்தால் 8, எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண். காம்பாக்ட் என்று நாம் சொல்லும்வரை 8 போட்ட மெயில்களும் அங்கேயேதான் கிடக்கும், பட்டியலில் தெரியாது, அவ்வளவே. நான் கவனிக்காமல் ஏற்றியிருந்தால், பத்து வருஷத்தில் அக்கா அழித்ததெல்லாம் எழுந்து சர்வரில் போய் நின்றிருக்கும். அந்த சர்வரின் மாஸ்டர் பாஸ்வேர்ட் முதலாளி மகனிடம். சோதனைக்கு 8 குறி போட்ட ஒன்றைத் திறந்தேன். திறந்ததுமே மூடிவிட்டேன். 2013இல் எழுதி அனுப்பாமல் அழித்த மெயில் அது, முதல் வரியே முதலாளி பெயரில் தொடங்கியது. அழித்ததெல்லாம் உள்ளேதான் இருக்கிறது, என்ன செய்யட்டும் என்று அக்காவிடம் பொதுவாகக் கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, "அழிச்சது அழிச்சதாவே இருக்கட்டுமுங்க தம்பி" என்றார். எல்லா ஃபோல்டரிலும் காம்பாக்ட் போட்டேன். எண்ணிக்கை ஒத்துவந்தது.

அப்புறம் புள்ளி. சர்வரில் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்பதைக் காட்ட இந்த இடத்தில் புள்ளியை வைத்திருந்தார்கள். அக்கா 'பி.ஓ. 2009' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருந்தார். ஏற்றிப் பார்த்தால் 'பி' என்று ஒன்று, அதற்குள் 'ஓ', அதற்குள் '2009'. வெங்காயம் உரிக்கிற மாதிரி. இதெல்லாம் சிரித்துக்கொண்டே சரிசெய்கிற வகை.

நாலு ராத்திரி ஓடியது. பகலில் லைனை ஆபீஸ்காரர்கள் பிடித்துக்கொள்வார்கள் என்பதால் ஏழு மணிக்கு மேல் ஸ்கிரிப்டைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போவேன். காலையில் வந்து நோட்டைப் பார்ப்பேன். 63,000 போனது, 63,000 வந்தது. என் லேப்டாப்பில் தண்டர்பேர்டைத் திறந்து சர்வரில் இருப்பதைப் பார்த்தேன். 2004 முதல் வரிசையாக நின்றது. படித்தது படித்ததாக, நட்சத்திரம் நட்சத்திரமாக. பணம் வராத இன்வாய்ஸுக்குத்தான் அக்கா நட்சத்திரம் போடுவார், அதனால் அதை ரொம்பக் கவனமாகப் பார்த்தேன். செவ்வாய் ராத்திரி கடைசியாக ஏறியது அந்தப் பெரிய டென்மார்க் பையர் ஃபோல்டரும், அக்கா எல்லாவற்றையும் கொட்டி வைத்திருந்த பொது ஃபோல்டரும். புதன் காலை டீ குடிக்கப் போனேன்.

உள்ளே இருக்கிற தேதி

ஒரு மெயிலுக்கு இரண்டு தேதி உண்டு. ஒன்று, அனுப்பியவரின் கம்ப்யூட்டர் எழுதுவது. கடிதத்தின் வலது மூலையில் நாம் எழுதுவோமே, அது மாதிரி. இன்னொன்று சர்வர் வைத்திருப்பது, இந்த மெயில் என்னிடம் எப்போது வந்தது என்று. ஐமேப் விதிகளில் அதற்கு இன்டர்னல் டேட் என்று பெயர். பெயர்தான் உள்தேதி, மெயிலுக்குள் அது கிடையாது. சர்வர் தன் கணக்குக்கு வெளியே ஒட்டிவைப்பது. ஒரு மெயிலை நாமாகச் சர்வரில் ஏற்றும்போது நான்கு விஷயம் கொடுக்கலாம்: எந்த ஃபோல்டர், என்ன குறி, எந்தத் தேதி, அப்புறம் மெயில். மூன்றாவதைக் கொடுக்காமல் விட்டால், ஏற்றுகிற இந்த நேரத்தையே சர்வர் தேதியாக வைத்துக்கொள்ளும். 2003இல் வந்த ஐமேப் விதிப்புத்தகமான ஆர்எஃப்சி 3501லேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. ரகசியம் ஒன்றும் இல்லை. நான் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். முதல் நாள் பத்து மெயிலை வைத்துச் சோதித்தபோது அவசரத்தில் விட்டது. என் தண்டர்பேர்டில் பட்டியல் சரியாகத்தானே தெரிந்தது என்று அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. தண்டர்பேர்ட் வரிசைப்படுத்துவது முதல் தேதியை வைத்து. அக்கா போனில் இருக்கிற ஆப் வரிசைப்படுத்துவது இரண்டாவது தேதியை வைத்து.

ஆபீஸுக்குப் போனபோது அக்காவின் போன் மேசைமேல் சார்ஜரில் கிடந்தது. தொட்டால் சூடு. கடைசி ஒரு மாத மெயிலை மட்டும் இறக்கு என்று நான்தான் அதில் செட் செய்துகொடுத்திருந்தேன். பதினேழு வருஷமும் இந்த மாதத்துக்குள் வந்துவிட்டதால் அந்த ஆப் பாவம் எல்லாவற்றையும் இறக்கப் பார்த்திருக்கிறது. அன்றைய டேட்டா காலை எட்டரைக்கே தீர்ந்துவிட்டது. அக்கா வாங்கிக் காட்டினார். கட்டைவிரலால் தள்ளத் தள்ள, வலது ஓரத்தில் யெஸ்டர்டே, யெஸ்டர்டே, யெஸ்டர்டே. தீபாவளி வாழ்த்து, யெஸ்டர்டே. கன்டெய்னர் தூத்துக்குடியில் நிற்கிறது, யெஸ்டர்டே. கரண்ட் பதினாலு மணி நேரம் இல்லை, ஷிப்மெண்டுக்கு ஒரு வாரம் தள்ளிக் கொடுங்கள் என்று 2012இல் அவர் கெஞ்சி எழுதியது, யெஸ்டர்டே.

அப்போதுதான் அந்தப் பதிலைச் சொன்னேன். "தேதி எங்கயும் போகலீங்க அக்கா. மெயிலைத் திறந்து பாருங்க, உள்ள பத்திரமா இருக்குது."

உண்மை. ஒரு மெயிலைத் திறந்தால் மேலே தேதி அச்சடித்த மாதிரி இருந்தது. ஒரு பைட்டுகூடக் குறையவில்லை. அக்கா ஒன்றைத் திறந்து பார்த்தார், மூடினார்.

"உள்ள இருந்து என்னங்க தம்பி பண்றது? நான் இதை எப்படீங்க தேடுவேன்?"

மேலே பூதக்கண்ணாடி மாதிரி இருக்கிறதே, அதில் அடியுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். டென்மார்க் பையர் முந்தைய நாள் போன் செய்திருக்கிறார்கள். பழைய ஒரு ஸ்டைலை மறுபடி போடப்போகிறார்கள், அதே நேவி ப்ளூ வேண்டுமாம், அன்றைக்கு எந்த ஷேடுக்கு ஓகே சொன்னோம் என்று அவர்களிடமே இல்லை. அக்காவுக்கு ஸ்டைல் நம்பர் நினைவில்லை. ப்ளூ என்று தேடினால் நாலாயிரம் வரும். ஓகே என்று தேடினால் சொல்லவே வேண்டாம். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். "சாயப்பட்டறை மூடுன மாசமுங்க. அதுக்கு மேல நூல் வெலை ஏறிப்போச்சுன்னு நாம எல்லாருக்கும் அனுப்புன மெயில் இருக்கும். கீழ பொங்கல் லீவு மெயில். ரெண்டுக்கும் நடுவுல, துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயம் போடறோம், கொஞ்சம் முன்னபின்ன இருக்கும், ஒத்துக்குங்கன்னு கேட்டு எழுதுனேன். அவங்க ஓகேன்னு போட்டது அதுக்கு மேல மூணாவது."

2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நொய்யல் ஆறு நிறம் மாறி ஓடிக்கொண்டிருந்த காலம். அதே சமயம்தான் பஞ்சு விலை, நூல் விலை எல்லாம் தாறுமாறாக ஏறியது. ஊரில் இருக்கிற யாரைக் கேட்டாலும் அந்த இரண்டு மூன்று மாதத்தைத் தனியாகச் சொல்வார்கள். எனக்கும் தெரியும். பில் கொடுத்துவிட்டு மூன்று மாதம் காசு வராமல் நின்றவன் நான். ஆனால் அது ஒரு மெயில் இருக்கும் இடத்துக்கு அடையாளம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அக்கா மவுஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டே போய் நிறுத்துவது குருட்டாம்போக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அவர் தெருவில் நடந்துகொண்டிருந்திருக்கிறார். நோட்டு செல்லாமல் போனது ஒரு திருப்பம். ஜிஎஸ்டி வந்தது இன்னொன்று. இந்தக் கடைக்கு எதிர்த்தாப்பல, அந்தக் கோயில் தாண்டி மூணாவது வீடு என்று வழி சொல்கிற ஊரில், அத்தனை வீட்டையும் பத்திரமாகப் பெயர்த்துக் கொண்டுவந்து ஒரே மைதானத்தில் இறக்கிவிட்டு, ஒரு செங்கல்கூட உடையவில்லை பாருங்கள் என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "பழைய சிஸ்டத்துல இருக்குதுங்கள்ல, அதுல பாத்துக்கறேன்" என்று மேசைக்கடியில் குனிந்து ஒயரைச் சொருகினார். ஆன் ஆகி வர ஐந்து நிமிஷம். சக்கரத்தை உருட்டினார். நிறுத்தினார். மூன்றாவது.

திரும்ப நாலு ராத்திரி

ஏற்றிய மெயிலின் இன்டர்னல் டேட்டைப் பிறகு மாற்ற ஐமேப்பில் கட்டளை கிடையாது. மெயில்டிர் வகைச் சர்வரே நம் கையில் இருந்தால், ஒவ்வொரு மெயிலும் ஒரு கோப்பு, அந்தக் கோப்பின் தேதியைத் திருத்தினால் தீர்ந்தது. வாடகை சர்வரில் அதற்கு வழியில்லை. 63,000ஐயும் அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டியதுதான். முதலாளி மகனிடம், சின்ன ட்யூனிங் இருக்கிறது, இன்னும் நாலு நாள் என்று சொன்னேன். இதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. கேட்கிற முகமும் இல்லை.

இந்தத் தடவை மூன்றாவது இடத்தில் எந்தத் தேதியைப் போடுவது என்று உட்கார்ந்து யோசித்தேன். மெயிலுக்குள் அனுப்பியவர் எழுதிய தேதியை எடுத்துப் போடுவது சுலபம். ஆனால் அது அனுப்பியவரின் கம்ப்யூட்டர் கடிகாரத்தை நம்பியது. மதர்போர்டில் பட்டன் மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், அது செத்துப்போனால் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் கடிகாரம் பழைய வருஷத்துக்குப் போய்விடும், யாரும் திருத்த மாட்டார்கள். நம்பத் தகுந்தது ரிசீவ்ட் வரிகள். வழியில் மெயிலைத் தொட்ட ஒவ்வொரு சர்வரும் தலையில் ஒரு வரி சேர்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குத் தள்ளும், தபால் ஆபீஸ் முத்திரை மாதிரி. கடைசியாகத் தொட்டது மேலே இருக்கும். அதாவது உச்சியில் இருப்பது நம் பழைய மெயில் பெட்டி போட்ட முத்திரை, அது எப்போது நம் கைக்கு வந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை. அதை எடுத்துக்கொண்டேன். அக்கா அனுப்பிய மெயில்களுக்கு ரிசீவ்ட் கிடையாது, அங்கே மட்டும் அவர் சிஸ்டம் எழுதிய தேதி. ஐமேப்பை 1986இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்துகொண்டு உருவாக்கிய மார்க் கிரிஸ்பின் என்ற மனிதர் இந்த இரண்டு தேதியையும் ஏன் தனித்தனியாக வைக்கும்படி விட்டார் என்று, நாலாவது ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எனக்குக் கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. எழுதியவரின் நேரம் ஒன்று, கிடைத்தவரின் நேரம் ஒன்று. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

இந்தத் தடவை என் லேப்டாப்பில் பார்த்து நிறுத்தவில்லை. அக்கா போனையே வாங்கி, அதிலேயே பார்த்தேன். 2011க்குத் தள்ளிக்கொண்டு போனேன். பொங்கல் லீவு. நூல் விலை. நடுவில் அந்த நேவி ப்ளூ. அக்காவிடம் நீட்டினேன். அவரும் தள்ளிப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். ஷேடு தேடுகிற பார்வை இல்லை அது. "இந்தப் பொண்ணு இப்போ அமெரிக்கால இருக்குது" என்று ஏதோ ஒரு மெயிலைக் காட்டினார்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போன். "எல்லாம் சரியா இருக்குதுங்க தம்பி. அந்தச் சாயப்பட்டறைக்காரர் மெயில் மட்டும் காணமுங்க."

எந்தச் சாயப்பட்டறைக்காரர்?

"அவருதுதானுங்க எப்பவும் அடியில போய்க் கெடக்கும். 2002ன்னு போட்டு. கடைசி வரைக்கும் உருட்டுனா அவரு மெயிலா இருக்கும், ஒரு முப்பது நாப்பது. இப்போ அடியில போனா வேற யாரோ இருக்காங்க."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அந்தப் பட்டறை ஆபீஸ் கம்ப்யூட்டரில் பேட்டரி செத்திருக்கிறது. அவர் எழுதியதெல்லாம் 2002. அக்கா 2004இல்தான் வேலைக்கே சேர்ந்தார், அதனால் அந்த மனிதரின் மெயில்கள் எல்லாருக்கும் கீழே, அடித்தளத்தில் தனியாகக் கிடந்திருக்கின்றன. அக்கா அதை ஒரு ஃபோல்டர் மாதிரியே பயன்படுத்தி வந்திருக்கிறார். நான் முத்திரையைப் பார்த்து அவரை 2007லும் 2008லும் அவரவர் இடத்தில் நியாயமாக உட்கார வைத்துவிட்டேன். அவர் மெயில் எதுவும் தொலையவில்லை அக்கா, இந்தந்த மாதத்தில் இருக்கும் பாருங்கள் என்று விளக்கினேன்.

"அவரை எதுக்குங்க மேல தூக்குனீங்க?" என்றார் அக்கா. "அங்கியே நல்லாத்தானுங்க இருந்தாரு."

சிஸ்டத்தில் தண்டர்பேர்டில் பார்த்தால் இன்னமும் அடியில்தான் இருப்பார், போனில் மட்டும்தான் மேலே போயிருக்கிறார் என்றேன். அவர் உடனே சிஸ்டத்தில் கடைசி வரை உருட்டிப் பார்த்தார். இருந்தார். "சரி, போன்ல அவரு அங்க இருக்கட்டும், இங்க இங்க இருக்கட்டும்" என்று அந்த விஷயத்தை முடித்துக்கொண்டார்.

பழைய டப்பாவைக் கழற்றி எடுத்துப் போகிறேன், ஹார்ட் டிஸ்க்கை நகல் எடுத்து இரண்டு இடத்தில் வைத்திருக்கிறேன், மேசைக்கடியில் கால் நீட்ட இடம் கிடைக்கும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். எடுத்துக்கலாமுங்க, எடுத்துக்கலாமுங்க என்பார். அந்த அக்டோபரில் ஆயுத பூஜைக்குப் பொரியும் சுண்டலும் வாங்கப் போனபோது பார்த்தேன். பவர் டேபிள் மெஷின்கள், கட்டிங் டேபிள், புது மானிட்டர்கள் எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். குனிந்து பார்த்தேன். ஒயர் பிடுங்கிக் கிடந்த அந்த டப்பாவுக்கும் தூசியைத் துடைத்து, பவர் பட்டனுக்கு நேர் மேலே ஒரு பொட்டு வைத்திருந்தார்.